10க்கு 12 ரூமு, 5 இன்ச் மானிட்டர், ஒரு சப்: கும்மிப் பாட்டு மிக்ஸ் பண்ண ஒரு வருஷ வேலை

போன வருஷம் ஆடி முளைப்பாரிக்கு எங்க ஊரு பொம்பளைங்க பாடுற கும்மிப் பாட்டு எட்டை ரெக்கார்டு பண்ணி, தவிலு, உறுமி, பம்பை எல்லாத்தையும் தனித்தனி மைக்ல எடுத்து, ராத்திரி ராத்திரியா ஹெட்போன் மாட்டி மிக்ஸ் பண்ணி, பென் டிரைவ்ல போட்டு சவுண்ட் சர்வீஸ் அண்ணன் கையில குடுத்தேன். கோயில் முன்னாடி 18 இன்ச் ஸ்பீக்கர் வெச்ச பெட்டிகளை ரெண்டு பக்கமும் அடுக்கியிருந்தாரு. பாட்டு ஆரம்பிச்சதும் உறுமி மட்டும்தான் கேட்டுச்சு, அடிவயித்துல வந்து இடிக்குது, பாடுற வார்த்தை ஒண்ணு கூட வெளங்கல. எங்க அத்தை கும்மி வட்டத்துல இருந்து வெளிய வந்து என்னையப் பாத்து "எங்க கொரலு எங்கடா போச்சு?"ன்னு கேட்டாங்க. அண்ணன் மிக்சர்ல லோவை அப்படியே எறக்குனாரு, குரல் வந்துருச்சு, ஆனா உறுமி தகர டப்பா தட்டுற மாதிரி ஆயிருச்சு. ரெண்டும் சேந்து வரவே இல்ல, அந்த ராத்திரி எனக்குத் தூக்கமும் இல்ல.

எங்க ஊரு தொண்டி பக்கம், பாக் ஜலசந்திக் கரை, வீட்டுல இருந்து கடல் கூப்புடு தூரம். முன்பக்கத்து ரூம்ல தான் என் வேலை, 10 அடி அகலம், 12 அடி நீளம், தளம் வரைக்கும் உயரம் 10 அடி, கான்கிரீட் கட்டடம், கிழக்க ஒரு ஜன்னல், வடக்க ஒரு ஜன்னல். இந்த அளவைக் கொஞ்சம் ஞாபகத்துல வெச்சுக்கோங்க, இந்தக் கதை முழுசும் அதுல தான் நிக்குது, ஆனா எனக்கு அது புரியுறதுக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு.

ஹெட்போன்ல குறை என்னன்னா, உடம்புல படுற சத்தம் அதுல கிடையாது. உறுமியை வளைஞ்ச குச்சியால தேய்க்கும்போது வர்ற அந்த முனகல் என் ரெக்கார்டிங்ல 60 ஹெர்ட்ஸ்ல இருந்து 110 வரைக்கும் ஏறி எறங்குது (ஹெர்ட்ஸ்னா வினாடிக்கு எத்தன அதிர்வுங்கற கணக்கு, நம்பர் கம்மியாக ஆக சத்தம் கனமாகும்), காதுல மட்டும் கேட்டுட்டு அது எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ண என்னால முடியல. அதோட ஹெட்போன்ல வலது காதுக்கு வர்றது இடது காதுக்குப் போறதே இல்ல, அதனால கும்மி வட்டத்தை எவ்வளவு விரிச்சு வெக்கணுங்கறதும் தப்பாப் போச்சு. சரி, மிக்ஸ் பண்ணும்போது கேக்குறதுக்குன்னே இருக்கிற ஸ்டூடியோ ஸ்பீக்கர், அதைத் தான் மானிட்டர்னு சொல்லுவாங்க, அதை வாங்கியே ஆகணும்னு சீட்டுப் பணத்தை எடுத்தேன்.

வாங்குறதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் அளவுக் கணக்கைத் தான் படிச்சேன். இதுல ஒரு விஷயம் கட்டாயம் சொல்லணும், டப்பாவுல போட்டிருக்கிற ஹெர்ட்ஸ் நம்பரை ஒண்ணோட ஒண்ணு அப்படியே ஒப்பிடக் கூடாது. யமஹா எச்எஸ்5ல 54 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குதுன்னு இருக்கும், ஆனா அது சத்தம் 10 டிபி (டெசிபல்) எறங்குன எடத்துல எடுத்த அளவு, 3 டிபி எறங்குற எடம்னு பாத்தா 74 ஹெர்ட்ஸ். ஜேபிஎல் 305பி மார்க் 2ல 43ன்னு இருக்கும், அதுவும் 10 டிபி கணக்கு தான், 3 டிபிக்கு 49. ஆடம் டி5விக்கு 45ன்னு போடுறாங்க. சின்னதுல ஐலவுட் மைக்ரோ மானிட்டர் 3 இன்ச் கோனை (ஸ்பீக்கர்ல முன்னும் பின்னும் அதிருற வட்டம்) வெச்சுக்கிட்டே 55ன்னு சொல்லுது, உள்ள இருக்கிற டிஎஸ்பிங்கற டிஜிட்டல் சிப்பு தான் அதைத் தள்ளிக் குடுக்குது, மெதுவா வெச்சுக் கேட்டா நல்லாவே இருக்கும், சத்தத்தைக் கூட்டுனா அந்த அடிச் சத்தம், அதாவது பேஸ், சுருங்கிடும், 3 இன்ச் கோன் எவ்வளவு காத்தைத் தள்ள முடியும் சொல்லுங்க. அதனால எந்த டிபில அளந்ததுன்னு கேக்காம நம்பரை நம்பாதீங்க.

மதுரைக்குப் போய் ஒரு கடையில மூணு ஜோடி கேட்டேன். நான் கொண்டு போனது சினிமாப் பாட்டு இல்ல, என்னோட அதே கும்மி ரெக்கார்டிங், மிக்ஸ் பண்ணாத ட்ராக். தெரியாத பாட்டுல ஸ்பீக்கரைக் கேட்டா பாட்டு நல்லாருக்கா ஸ்பீக்கர் நல்லாருக்கான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. ஜேபிஎல்ல அடி நல்லா வந்துச்சு, தலையை அங்கிட்டு இங்கிட்டு அசைச்சாலும் ட்ரெபிள் மாறல. டி5வில கைதட்டு ரொம்பத் துல்லியமா, வளையல் சத்தம் கூட தனியா வந்துச்சு. எச்எஸ்5ல அடி கம்மி, ஆனா பொம்பளைங்க குரல் இருக்கிற நடுப்பகுதி அப்படியே முகத்துக்கு முன்னாடி வந்து நின்னுச்சு, பாடுறதுல யாரு அரை மூச்சு பிந்துறாங்கங்கறது வரைக்கும் தெரிஞ்சுச்சு. யமஹா 1978ல கொண்டு வந்த என்எஸ்10 பெட்டி, அந்த வெள்ளைக் கோன், 2001 வரைக்கும் வித்தாங்க, உலகத்துல பாதி ஸ்டூடியோவுல அது இருந்துச்சுன்னே சொல்லலாம், அதுல குறை இருந்தா காட்டிக் குடுத்துரும்னு தான் வெச்சிருந்தாங்க. எச்எஸ்5 அதோட நகல் எல்லாம் இல்ல, ஆனா அந்த நடுப்பகுதிக் குணம் கொஞ்சம் இருக்குன்னு என் காதுக்குப் பட்டுச்சு. எனக்குக் குரல் தான் முக்கியம், அதைத் தான எங்க அத்தை கேட்டாங்க, அதனால எச்எஸ்5 ஜோடியை வாங்கிட்டு ஐப்பசி மழைக்குள்ள ரெண்டு டப்பாவையும் பிளாஸ்டிக் சுத்தி பஸ்ல கொண்டு வந்தேன்.

8 இன்ச் ஏன் வாங்கலன்னு மச்சான் கேட்டான். எச்எஸ்8 அடியில 38 வரைக்கும் போகுது, நல்ல பெட்டி தான், ஆனா 10 அடி அகல ரூம்ல காதுக்கு மூணரை அடி தூரத்துல உக்காந்து கேக்க அது பெருசு, கோனும் ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் கலந்து ஒரே எடத்துல இருந்து வர்ற மாதிரி கேக்கக் கொஞ்சம் தூரம் வேணும். அதை விட முக்கியமா, பெரிய பெட்டி வெச்சா அடி எங்க இருந்து வரணும்ங்கறதை நாம தேர்ந்தெடுக்க முடியாது, ஸ்டீரியோவுக்கு எந்த எடம் சரியோ அங்க தான் அடியும் வரும். அடிச் சத்தத்துக்குன்னே இருக்கிற சப்வூஃபர் பெட்டி, அதான் சப்பு, தனியா இருந்தா குரலுக்கு நல்ல எடத்துல மானிட்டரும் அடிக்கு நல்ல எடத்துல சப்பும் வெக்கலாம். இதை வாங்கும்போது படிச்ச கணக்கா தான் சொன்னேன், அனுபவத்துல அது உண்மைன்னு பின்னாடி தெரிஞ்சுச்சு.

வீட்டுக்குக் கொண்டு வந்து மாட்டுனதும் முதல்ல வந்தது பாட்டு இல்ல, இரைச்சல். ம்ம்ம்னு ஒரு ஹம், எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு சத்தம்னு காட்டுற ஸ்பெக்ட்ரம்ல பாத்தா 50லயும் 100லயும் கம்பம் நட்ட மாதிரி நிக்குது. கேபிளை மாத்திப் பாத்தேன், லேப்டாப் சார்ஜரைப் புடுங்கிப் பாத்தேன், சார்ஜரை எடுத்தா குறையுது, லேப்டாப்பையும் மானிட்டரையும் இணைக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியோட இரும்பு மூடியைத் தொட்டாலும் குறையுது. தொட்டா குறையுதுன்னா எர்த்து சரியில்லன்னு அர்த்தம். வயரிங் வேலை பாக்குற அண்ணனைக் கூப்புட்டேன், அவரு டெஸ்ட் லேம்பை ஃபேஸுக்கும் (கரண்டு வர்ற வயரு) எர்த்துக்கும் நடுவுல வெச்சாரு, பல்பு மினுக்குன்னு கூட எரியல. வீட்டுக்குப் பின்னாடி எர்த்து குழியைத் தோண்டுனா, ஜிஐ பைப்பு மேல ஒரு சாண் அளவுக்கு செதில் செதிலா உரிஞ்சு நிக்குது, கிளாம்பைக் கையால தொட்டதும் பொடியா உதிர்ந்துருச்சு, வயரு சும்மா மண்ணுக்குள்ள கெடக்கு. உப்புக் காத்து, உப்புத் தண்ணி, இருபது வருஷத்துக்கு முந்தி அடிச்ச பைப்பு, எத்தன நாளா எர்த்து இல்லாம வாசிங் மெஷின் ஓடிச்சோ நெனைச்சாலே பகீர்ங்குது. செம்பு பூசுன ராடு புதுசா அடிச்சு, செம்பு வயரு இழுத்து, திரும்ப லேம்ப் வெச்சா பளிச்சுன்னு எரிஞ்சுச்சு, மானிட்டர்ல ஹம் சுத்தமா நின்னுருச்சு. ஹம் வந்தா மூணாவது பின்னைப் புடுங்கி விட்டா போதும்னு நெறைய பேரு சொல்லுவாங்க, தயவு செஞ்சு செய்யாதீங்க, அந்தப் பின்னு உசுருக்கு. கடற்கரை ஊர்ல இருக்கிறவங்க ஸ்பீக்கர் வாங்குறதுக்கு முன்னாடி எர்த்து குழியை ஒரு தடவ பாத்துருங்க.

கரண்டு பத்தி இன்னொரு சின்ன விஷயம், வீட்டுல பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தா கரண்டு போனதும் மானிட்டர் ஜ்ர்ர்னு கத்தும், சைன் வேவ் இன்வெர்ட்டர்ல அது கிடையாது.

மார்கழி வரைக்கும் எச்எஸ்5 மட்டும் வெச்சு மிக்ஸ் பண்ணேன், குரல் அருமையா வந்துச்சு. அடி மட்டும் இருட்டுல தடவுற கணக்கு தான், உறுமி 74க்குக் கீழ எறங்கும்போது ஸ்பீக்கர்ல மெலிஞ்சு போகுது, மெலிஞ்சது வாசிச்சதா ஸ்பீக்கரான்னு தெரியல. தையில எச்எஸ்8எஸ் சப்பு வாங்குனேன், 8 இன்ச், 150 வாட்ஸ், 22 ஹெர்ட்ஸ் வரைக்கும் எறங்கும்னு போட்டிருக்கு, அதுவும் 10 டிபி கணக்கு. ரூம்ல எடம் இல்லாததால தென்கிழக்கு மூலையில வெச்சேன். போட்டதும் வீடே அதிருது, எனக்கு அவ்வளவு சந்தோஷம், ரெண்டு வாரம் பாட்டு பாட்டா கேட்டுக்கிட்டே இருந்தேன், அதே சந்தோஷத்துல எட்டுப் பாட்டையும் திரும்ப மிக்ஸ் பண்ணேன். அதை மச்சானோட கார்ல போட்டா கதவு லாடம் அடிக்குது. போன ஆடிக்கு இருந்ததை விட மோசம். அவன் ஒண்ணும் சொல்லல, கையை நீட்டி பேஸைக் கொறச்சான். அது தான் என் மனசை ரொம்ப வருத்துச்சு.

இங்க தான் நான் நிறுத்தி அளக்க ஆரம்பிச்சேன். மதுரையில தெரிஞ்ச ஒருத்தர் யூமிக்-1 அளவு மைக்கை ஒரு மாசத்துக்குக் குடுத்தாரு, ரூம் ஈக்யூ விசார்டுங்கற சாஃப்ட்வேர் இலவசம். ஆனா அளக்க அமைதி வேணும். எங்க கரையில விசைப்படகு எஞ்சின் சத்தம் ராத்திரி ரெண்டு மணிக்கே ஆரம்பிச்சுரும், அந்த எஞ்சினோட அடிச் சத்தம் ஜன்னல் சாத்துனாலும் உள்ள வரும், நான் அளக்க வேண்டியதும் அதே 30, 40, 50 ஹெர்ட்ஸ் பக்கம் தான். அதனால மீன்பிடி தடைக்காலத்துக்காகக் காத்திருந்தேன், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு விசைப்படகு எதுவும் போகாது. அந்த நாள்ல விடியக்காலம் நாலு மணிக்கு, காத்து எழும்புறதுக்கு முன்னாடி, ஃபேனை நிப்பாட்டிட்டு அளந்தேன். வேர்வை ஊத்தும், ஆனா எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு வருதுன்னு சாஃப்ட்வேர் போட்டுக் காட்டுற கோடு சுத்தமா வந்துச்சு.

கோட்டைப் பாத்ததும் எனக்குப் புரிஞ்சது இது தான். நான் உக்காந்திருக்கிற நாற்காலியில 57 ஹெர்ட்ஸ்கிட்ட பெரிய பள்ளம், கிட்டத்தட்ட 12 டிபி. மைக்கை எடுத்துட்டுப் போய் மூலையில வெச்சா அதே 57ல மலை மாதிரி மேடு. ரூமுக்குள்ள சத்தம் காணாமப் போகல, என் நாற்காலியில மட்டும் இல்ல. ஏன்னா என் ரூம் அகலம் 10 அடி, உயரமும் 10 அடி. நம்ம ஊரு வெக்கைக்கு சத்தம் வினாடிக்கு சுமார் 1145 அடி போகும். அதை ரூம் அளவோட ரெண்டு மடங்கால வகுத்தா அந்த ரூம் எந்த ஹெர்ட்ஸ்ல குமுறும்னு வந்துரும்: 1145ஐ 20ஆல வகுத்தா 57, அகலத்துக்கும் 57, உயரத்துக்கும் 57, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உக்காந்திருக்கு. நீளம் 12 அடிக்கு 1145ஐ 24ஆல வகுத்தா 48. இந்தக் குமுறல் சுவத்துகிட்ட அதிகமாவும் நட்ட நடுவுல ஒண்ணுமில்லாமலும் இருக்கும். மானிட்டர் ரெண்டுக்கும் நடுவுல தான உக்காருவோம், அதாவது அகலத்துக்கு நட்ட நடுவுல, உக்காந்தா காது நாலு அடி உயரம், அதுவும் 10 அடிக்கு நடு பக்கம் தான். அப்ப என் காதுக்கு 57 எப்படி வரும்? வரலன்னு நான் சப்பைக் கூட்டுறேன், மிக்ஸ்லயும் 60ஐத் தூக்குறேன், மத்த எடத்துல எல்லாம் அது இடிக்குது. மூலையில சப்பு வெச்சது அந்தக் குமுறலை எல்லாப் பக்கமும் கெளப்பி விட்டுருச்சு. எந்தப் பெட்டி வாங்குனாலும் இதே தான் நடந்திருக்கும், 10க்கு 10 உயரத்துல கட்டுன ரூம் நம்ம ஊர்ல எத்தன வீட்டுல இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொரு பள்ளம் 88 ஹெர்ட்ஸ்கிட்ட. தவிலோட தொப்பி (குச்சியால அடிக்கிற பக்கம்) அடி என் ரெக்கார்டிங்ல அங்க தான் இருக்கு. இதுக்குக் காரணம் நான் கேட்ட ஒரு பேச்சு, மானிட்டரை சுவத்துல இருந்து எவ்வளவு தள்ளி வெக்கிறியோ அவ்வளவு நல்லதுன்னு. அதை நம்பி டேபிளை இழுத்து, கோன் சுவத்துக்கு மூணேகால் அடி முன்னாடி வர்ற மாதிரி வெச்சிருந்தேன். கோன்ல இருந்து பின்னால போற சத்தம் சுவத்துல பட்டுத் திரும்பி வரும்போது, நேரா வர்ற சத்தத்தோட மோதி ஒரு எடத்துல ஒண்ணையொண்ணு அழிச்சுக்கும், அந்த எடம் 1145ஐ தூரத்தோட நாலு மடங்கால வகுத்தா வரும், மூணேகாலுக்கு 88. டேபிளை சுவத்தோட நெருக்கி, பெட்டியோட முதுகுக்கும் சுவத்துக்கும் மூணு இன்ச் மட்டும் விட்டேன், கோன் சுவத்துக்கு ஒரு அடி தூரம் ஆச்சு, பள்ளம் 286க்குப் போயிருச்சு. பின்னாடி துளை இருக்கிற பெட்டிக்கு அந்த மூணு இன்ச்சாவது வேணும். 286ல பள்ளம் வந்தா என்ன லாபம்னா, அதைச் சத்தத்தை உறிஞ்சுற ராக்வூல் பலகை நாலு இன்ச் இருந்தாலே பாத்துக்கும், 88ஐ பிடிக்க மூணு அடிக்கு ராக்வூல் வேணும். சுவத்துகிட்ட போனதால அடி கூடும், அதுக்குத் தான் எச்எஸ்5 முதுகுல ரூம் கண்ட்ரோல்னு சுவிட்சு குடுத்திருக்காங்க, 500க்குக் கீழ 2 டிபி, இல்ல 4 டிபி எறக்கலாம். 2ல வெச்சேன், போதும். ரொம்பத் தள்ளி வெக்க எடம் இருக்கிற பெரிய ரூமுக்கு அந்தப் பேச்சு சரி, நம்ம மாதிரி ரூமுக்கு நெருக்கி வெக்கிறது தான் சரின்னு நான் உறுதியா சொல்லுவேன்.

நாற்காலியையும் நகத்துனேன். 12 அடி நீளத்துல நட்ட நடு ஆறு அடியில உக்காந்தா 48 காணாமப் போகும், முன்சுவத்துல இருந்து 38 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது நாலரை அடி சொச்சம் வருது, நான் வெச்சுப் பாத்து நாலே முக்கால்ல நிப்பாட்டுனேன்.

அப்புறம் சப்புக்கு எடம். இதுக்கு ஒரு பழைய வழி இருக்கு, சப்பைத் தூக்கி நாம உக்காருற எடத்துல வெச்சுட்டு, நாம சுவத்தோரமா மண்டி போட்டு நகந்து எந்த எடத்துல அடி ஒரே சீரா கேக்குதுன்னு பாக்கணும், அந்த எடத்துல சப்பு வெச்சா உக்காருற எடத்துல அதே மாதிரி கேக்கும். நாற்காலியை எடுத்துட்டு சப்பை வெச்சு, 35ல இருந்து 100 வரைக்கும் மெதுவா ஏறுற சத்தத்தைத் திரும்பத் திரும்ப ஓட விட்டேன். தரையோட தரையா காதை வெச்சு நகருறேன், மூலையில 57 வரும்போது காது அடைக்குது, ஒரு அடி நகந்தா 48 தூக்குது, எல்லாமே கேட்டுக் கேட்டு ஒரே மாதிரி ஆயிருச்சு எனக்கு. அக்கா மகன், ஆறு வயசு, அவனும் கூடவே மண்டி போட்டு வந்தான், முன்சுவத்துல இடது மூலையில இருந்து மூணு அடி தள்ளி உக்காந்துக்கிட்டு "மாமா, இங்க தான் அது நிக்காம போகுது"ன்னான். நிக்காம போகுதுன்னா, ஏறும்போது எங்கயும் தூக்காம விழாம ஏறுதுன்னு சொல்றான். போய்க் கேட்டா சரியா சொல்லியிருக்கான். அங்க சப்பை வெச்சு மைக்ல அளந்தா 57 பள்ளம் 12ல இருந்து 5 டிபி ஆயிருச்சு. மறையல, ஆனா 5 டிபி பள்ளத்தோட நான் வாழ்ந்துக்குவேன், அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்.

ஈக்யூ (ஒவ்வொரு ஹெர்ட்ஸையும் தனியா ஏத்தி எறக்குற கருவி) போட்டு அந்தப் பள்ளத்தை நிரப்பலாமேன்னு தோணும். வேண்டாம். மேட்டை ஈக்யூல சீவலாம், பள்ளத்தை நிரப்ப முடியாது, எவ்வளவு ஊத்துனாலும் எதிர்ச் சத்தமும் அதே அளவுக்கு வந்து அழிச்சுரும், சப்பு தான் மூச்சு முட்டும்.

இனி சப்பையும் மானிட்டரையும் சேக்குற வேலை. இன்டர்ஃபேஸ்ல இருந்து சப்புக்கு, சப்புல இருந்து எக்ஸ்எல்ஆர்ங்கற மூணு பின் கேபிள்ல ரெண்டு மானிட்டருக்கும். எச்எஸ்8எஸ்ல லோ கட், ஹை கட்னு ரெண்டு திருகு, லோ கட் மானிட்டருக்குப் போற அடியை வெட்டும், ஹை கட் சப்புக்குப் போற மேல் சத்தத்தை வெட்டும், ரெண்டும் 80ல இருந்து 120 வரைக்கும் போகும். லோ கட் சுவிட்சை ஆன்ல வெச்சா மானிட்டருக்கு அடி போகாது, 5 இன்ச் கோன் அந்தப் பாரத்தைத் தூக்க வேண்டியதில்ல, குரல் இன்னும் தெளியுது, இதை நெறைய பேரு ஆஃப்லயே விட்டுடுறாங்க. எனக்கு ரெண்டும் 90ல நின்னுச்சு. 80ல வெச்சா நடுவுல ஒரு சின்னத் தொய்வு, 110க்கு மேல போனா உறுமி இடது பக்கத்துல இருந்து வர்றது காட்டிக் குடுக்குது. அப்புறம் ஃபேஸ் சுவிட்சு, அதாவது சப்பு தள்ளுற தெசையைத் தலைகீழா மாத்துற சுவிட்சு, இதுல காது போதும்: 90 ஹெர்ட்ஸ் டோனை மட்டும் ஓட விட்டு நாற்காலியில உக்காந்துக்கிட்டு யாரையாவது சுவிட்சை மாத்தச் சொல்லுங்க, எதுல சத்தம் கூடுதோ அது தான் சரி, ஏன்னா அப்ப தான் சப்பும் மானிட்டரும் ஒரே தெசையில தள்ளுது.

சத்த அளவு தான் கடைசி, என் வேலையில பெரிய மாத்தம் இதுல தான் வந்துச்சு. பிங்க் நாய்ஸ்ங்கற உஸ்ஸுன்னு வர்ற சோதனைச் சத்தத்தை ஓட விட்டு ஒவ்வொரு மானிட்டரையும் நாற்காலியில 75 டிபிக்கு வெச்சேன், சப்பை மைக் கோட்டுல மானிட்டரோட சேந்து ஒரே மட்டமா போற வரைக்கும் எறக்குனேன். எறக்கி எறக்கி, தையில வெச்சிருந்த திருகு அளவுல பாதி கூட வரல. கேக்கும்போது சப்பு ஓடுதான்னே தெரியல, ஆஃப் பண்ணுனா தான் என்னமோ கொறையுதேன்னு தெரியுது. அந்த நெலைமை தான் சரியான அளவு. இதை போன் ஆப்ல அளக்காதீங்க, போன் மைக்குக்கு அடிச் சத்தம் சரியா கேக்காது, கம்மியா காட்டும், நாம ஏத்தி விட்டுருவோம். இன்டர்ஃபேஸ் திருகுல 75 வர்ற எடத்துல அக்காவோட நெயில் பாலிஷ் வெச்சு ஒரு புள்ளி போட்டேன், மிக்ஸ் பண்ணும்போது அந்தப் புள்ளி தான். மெதுவா வெச்சுக் கேட்டா அடி கம்மியா இருக்கிற மாதிரி காதுக்குத் தோணும், ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லயே அதை அளந்து எழுதி வெச்சுட்டாங்க, ஒரு நாள் மெதுவாவும் ஒரு நாள் சத்தமாவும் வெச்சு மிக்ஸ் பண்ணுனா ஒவ்வொரு பாட்டுலயும் உறுமி ஒவ்வொரு அளவுல தான் வரும்.

ராக்வூல் பத்தி. கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி இருக்கிற ரெண்டு இன்ச் பலகை மதுரையில வாங்கி, ரெண்டு ரெண்டா சேத்து நாலு இன்ச் ஆக்கி, பழைய காட்டன் சேலையில தச்சு மானிட்டருக்குப் பின்னாடியும் ரெண்டு பக்கச் சுவத்துலயும் மாட்டுனேன், பின்பக்க மூலை ரெண்டுலயும் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்துனேன். கைதட்டு தெளிஞ்சுச்சு, 286 பள்ளம் பாதியாச்சு. 57க்கு ஒண்ணும் ஆகல, ஆகாது, அந்த அலை 20 அடி நீளம். ஜன்னலைத் திறந்து விட்டு அளந்தப்ப 48 மேடு நல்லாவே கொறஞ்சுச்சு, அடி வெளிய போயிருது, அதனால விடியக்காலம் ஜன்னலைத் திறந்து வெச்சே மிக்ஸ் பண்றேன், வாடை வீசுற மாசத்துல மட்டும் முடியாது.

உப்புக் காத்துக்கு நான் செய்யுறது: வேலை முடிஞ்சதும் மூணு பெட்டியையும் காட்டன் துணியால மூடுவேன், பாலிதீன் போட்டா உள்ள வேர்த்து அதுவே துருப்பிடிக்க வெக்குது. தினம் அரை மணி நேரமாவது ஆன்ல போட்டு சூடு காட்டுவேன். மாசத்துக்கு ஒருக்க எக்ஸ்எல்ஆர் பின்னை எல்லாம் கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிப்பேன், ஒரு மாசம் விட்டுட்டா வெள்ளிப் பின்னு கறுத்துப் போகுது, பாட்டு நடுவுல கரகரன்னு வருதுன்னா முதல்ல அதைப் பாருங்க.

ஆனி மாசத்துல எட்டுப் பாட்டையும் மூணாவது தடவையா மிக்ஸ் பண்ணேன். உறுமியில 60 பக்கம் நானே ஏத்தி வெச்சிருந்த 6 டிபியை முழுசா எடுத்துட்டேன், தவில்ல 90ஐ ஒட்டி 2 டிபி எறக்குனேன், குரல்ல 300 பக்கம் அடைசலா இருந்ததைக் கொஞ்சம் சீவுனேன், அவ்வளவு தான் வேலை. மச்சான் கார்ல போட்டுக் கேட்டோம், அவன் கை ஸ்டியரிங்லயே இருந்துச்சு, பேஸ் திருகு பக்கம் போகல.

இந்த ஆடியில அதே கோயில், அதே அண்ணன், அதே பெட்டி. முதல் பாட்டு ஓடுனதும் மிக்சர்ல கை வெச்சாரு, கொஞ்ச நேரம் கேட்டாரு, கையை எடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. நான் கும்மி வட்டத்துக்கு வெளிய நின்னு கேட்டேன், உறுமி காலுக்கடியில ஓடுது, அதுக்கு மேல பன்னெண்டு பொம்பளைங்க குரலும் வார்த்தை வார்த்தையா நிக்குது. ரெண்டாவது பாட்டு முடிஞ்சதும் அத்தை நேரா என்கிட்ட வந்தாங்க, மூஞ்சி சரியில்ல. "மூணாவது அடியில நான் சுருதி எறங்கிப் பாடியிருக்கேன்டா, ஊரே கேக்குது, நாளைக்கு வந்து திரும்பப் பாடிக் குடுக்குறேன், மாத்திப் போடு"ன்னாங்க. மறுநாள் காலைல ஏழு மணிக்கு ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து வாசல்ல நின்னாங்க, நான் ஃபேனை நிப்பாட்டிட்டு மைக்கை மாட்டுனேன்.